தும்புத்தடியோடு மைதானத்துக்குள் இறங்கிய சனம்

கிரிக்கெட் படங்களில் எனக்குக் கனக்கப் பிடித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இங்கிலாந்து அணியின் பதினொரு பேரும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிறார்கள். துடுப்பாட்டக்காரரைச் சுற்றி, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வட்டமாக வளைத்துக்கொண்டு. எல்லைக்கோட்டுப் பக்கம் ஒருத்தரும் இல்லை. நடுவரின் விரல் மேலே போயிருக்கிறது. 1968 ஓகஸ்ட் 27, லண்டன் ஓவல் மைதானம், அவுஸ்திரேலியாவின் கடைசி விக்கெட்.

இந்தப் படத்தைப் பற்றிக் கனபேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுதவேண்டும் போல இருப்பது அதில் இல்லாத ஆக்களைப் பற்றி. இது எடுக்கப்படுவதற்குக் கொஞ்ச மணித்தியாலத்துக்கு முதல், அந்த மைதானத்தில் தும்புத்தடியும் போர்வையும் பிடித்துத் தண்ணீர் துடைத்த பார்வையாளர்களைப் பற்றி.

அந்த வருசத்துக் கோடை இங்கிலாந்தில் மழைக்கோடை. அவுஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் விளையாட வந்திருந்தது. ஐந்துக்கும் ரிக்கெட் எடுத்து, சாப்பாட்டுப் பெட்டியும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் மழைக்கோட்டுமாகப் போன ஒரு ரசிகரைக் கற்பனை பண்ணிப் பாருங்கோ. அவருக்கு என்னென்ன கிடைத்தது?

ஜூன் தொடக்கத்தில் மன்செஸ்டர் ஓல்ட் ட்ரஃபேர்ட். இங்கிலாந்து 159 ஓட்டங்களால் தோற்றது. இரண்டாவது இன்னிங்ஸில் ஒருவர் மட்டும் நின்று பிடித்து ஆட்டமிழக்காமல் 87 அடித்தார். பெயர் பசில் டி ஒலிவேரா. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ரசிகர் அடுத்த டெஸ்டுக்கு லோர்ட்ஸ் போனால், அணியில் டி ஒலிவேரா இல்லை! தூக்கிவிட்டார்கள்.

லோர்ட்ஸில் நடந்தது இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான 200ஆவது டெஸ்ட். பெரிய கொண்டாட்டமாக நடத்த இருந்தார்கள். முதல் நாளே ஆலங்கட்டி மழை கொட்டி மைதானம் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. ஜூன் மாதம், கோடையாம்! கொலின் மில்பேர்ன் 83 அடித்தார், அவுஸ்திரேலியா 78 ஓட்டத்துக்குச் சுருண்டது. இங்கிலாந்து வெல்லவேண்டிய மட்ச். ஆனால் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை மழை தின்றுவிட, சமநிலை.

ஜூலை 10 அன்று மேற்கு இங்கிலாந்தில் பெருவெள்ளம். அடுத்த நாள் பேர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டனில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கவேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அது அணித்தலைவர் கொலின் கவுட்ரியின் 100ஆவது டெஸ்ட், உலகத்திலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆள் அவர். காலில் உபாதை வந்து, தனக்காக இன்னொருவரை ஓடவிட்டு, சதமும் அடித்தார். கடைசி நாள் மதியத்தோடு திரும்பவும் மழை, திரும்பவும் சமநிலை. அடுத்தது லீட்ஸ் ஹெடிங்லி. அதுவும் சமநிலை. ஆஷஸ் கிண்ணம் அவுஸ்திரேலியாவிடமே தங்கிவிட்டது.

இப்ப யோசியுங்கோ. நான்கு டெஸ்ட் பார்த்து, ஒன்றில் தோற்று, மூன்றில் நனைந்து, கிண்ணமும் இல்லை என்று ஆன பிறகு ஐந்தாவதுக்கு ஏன் ஒருத்தர் போகவேண்டும்? நானென்றால் வீட்டில் படுத்திருப்பேன்.

ஆனால் போனவர்களுக்கு ஓவலில் ஒரு பரிசு இருந்தது. ஒரு துடுப்பாட்டக்காரர் சுகமில்லாமல் விலக, கடைசி நேரத்தில் டி ஒலிவேராவைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். 31 ஓட்டத்தில் அவர் கொடுத்த பிடியை விக்கெட் காப்பாளர் பரி ஜார்மன் தவறவிட்டார். அதற்குப் பிறகு டி ஒலிவேரா நிற்கவேயில்லை. 158.

அந்த 158இன் எடையை விளங்கிக்கொள்ள, அவர் ஆர் என்று தெரியவேண்டும். பிறந்தது தென்னாபிரிக்காவின் கேப் டவுனில். நிறவெறிச் சட்டம் அவரைக் 'கலப்பினத்தவர்' என்று பதிந்தது. அச்சகத்தில் வேலை, கரடுமுரடான வெட்டைகளில் கிரிக்கெட். எவ்வளவு அடித்தாலும் தென்னாபிரிக்க அணிக்கு விளையாட முடியாது, அது வெள்ளையருக்கு மட்டும். இங்கிலாந்தின் வர்ணனையாளர் ஜோன் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆர்லட் தெரிந்தவர்களைப் பிடித்து, 1960இல் மிடில்டன் என்ற லங்காஷயர் ஊர் அணியில் இடம் எடுத்துக் கொடுத்தார். ஆறு வருசத்தில் அவர் இங்கிலாந்து டெஸ்ட் அணியில்.

1968 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி எங்கே சுற்றுப்பயணம் போக இருந்தது தெரியுமா? தென்னாபிரிக்காவுக்கு. 158 அடித்த ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவது? கூட்டிக்கொண்டு போனால் பிரதமர் ஜோன் வோர்ஸ்டரின் அரசு உள்ளே விடுமா? ஓவலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கை தட்டியவர்களில் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் தெரிந்திருக்கும்.

கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலைநாள். அவுஸ்திரேலியாவுக்கு 352 தேவை. முதல் நாள் மாலையே 13க்கு 2 விக்கெட். மதியம் ஆகும்போது ஐந்து விக்கெட் போயிருந்தது, ஓட்டம் எண்பத்தைந்து சொச்சம். வெற்றி கைக்கு எட்டிய அந்த நேரத்தில், சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன், இடிமழை. கொஞ்ச நேரத்தில் மைதானம் குளமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்லவேண்டும். எங்கட நாட்டில் மழை துமிக்கத் தொடங்கினதும் ஒரு பட்டாளமே ஓடிவந்து தறப்பாளால் முழு மைதானத்தையும் மூடுவதைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். அந்தக் கால இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஆட்டநேரத்தில் மழை பெய்தால் நடு ஆடுகளம்கூட நனையும். அது விளையாட்டின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆடுகளத்தை முழுசாக மூடும் வழக்கம் எண்பதுகளை ஒட்டித்தான் அங்கே நிலைத்தது. நனைந்த ஆடுகளத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் ஊறிக் கிடக்கும்வரை பந்து செத்தமாதிரி மெதுவாக வரும். வெயில் பட்டு மேல்தோல் காயத் தொடங்கினால், பந்து பிடித்துத் திரும்பும், திடீரென்று எழும். துடுப்பாட்டக்காரருக்கு நரகம். அந்த நரகத்தைக் கட்டியாள ஒருவர் இங்கிலாந்திடம் இருந்தார்: 23 வயது டெரெக் அண்டர்வூட், இடதுகைச் சுழல், ஆனால் நடுத்தர வேகத்தில் வீசுகிறவர்.

இரண்டு மணி தாண்டி வெயில் அடித்தது. ஆனால் மைதானம் முழுக்கத் தண்ணீர். தலைமை மைதானப் பராமரிப்பாளரும் அவரது ஆட்களும் மட்டும் துடைத்து முடிக்க இருட்டிவிடும். கவுட்ரி கூட்டத்திடம் உதவி கேட்டார். வேலிக்கு அங்கால் இருந்த சனம் இறங்கி வந்தது. தும்புத்தடி, தண்ணீர் தள்ளும் கட்டை, கன்வஸ் துணி, போர்வை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஒதுக்கினார்கள், ஒற்றி எடுத்தார்கள், பிழிந்தார்கள். கோட்டு சூட்டோடு வந்தவர்களும் குனிந்து துடைத்தார்கள்.

இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு ஒரு புல்லரிப்பு. ரிக்கெட் வாங்கின ஆள் மைதானத்தைத் துடைக்கிறார்! இன்றைக்கு யாராவது எல்லைக்கோட்டைத் தாண்டினால் நாலு காவலாளிகள் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் கோடை முழுக்க மழைக்குத் தோற்றவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. லோர்ட்ஸில், எட்ஜ்பாஸ்டனில் குடைக்குக் கீழ் இருந்து வானத்தைப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்ய ஏலாதவர்கள். இந்த ஒரு நாள் செய்ய ஏதோ இருந்தது. (இதில் ஒரு சின்ன அநியாயமும் இருக்கு எண்டு அவுஸ்திரேலியக்காரர் சொன்னால் நான் மறுக்கமாட்டன். உள்ளூர் சனம் துடைத்தது உள்ளூர் அணி வெல்லத்தானே.)

மாலை 4.45க்கு ஆட்டம் தொடங்கியது. மிச்சம் 75 நிமிடம், ஐந்து விக்கெட். முதல் நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆடுகளம் செத்துக் கிடந்தது. ஜோன் இன்வெராரிட்டி காலையில் இருந்து அசையாமல் நின்றார், மற்றப் பக்கம் ஜார்மன். கவுட்ரி பந்தை டி ஒலிவேராவிடம் கொடுத்தார். டி ஒலிவேரா ஜார்மனின் ஸ்டம்பைப் பெயர்த்தார். ஆம், 31இல் அவரைத் தவறவிட்ட அதே ஜார்மன்.

அதற்குள் ஆடுகளம் காயத் தொடங்கிவிட்டது. மறுபடி அண்டர்வூட். மிச்ச நாலு விக்கெட்டையும் 27 பந்துகளில் எடுத்தார். நாலு மணித்தியாலம் நின்று 56 அடித்த இன்வெராரிட்டிதான் கடைசியாக எல்.பி.டபிள்யூ முறையில் போனார். ஆட்டம் முடிய ஒருசில நிமிடங்களே இருந்தன. அண்டர்வூட் 50 ஓட்டங்களுக்கு 7 விக்கெட், இங்கிலாந்துக்கு 226 ஓட்டங்களால் வெற்றி, தொடர் 1–1. அந்தப் படம் அப்போது எடுத்தது.

சனம் சந்தோசமாக வீட்டுக்குப் போனது. அதே இரவு லோர்ட்ஸில் தெரிவுக்குழு கூடியது. பகல் சனத்திடம் உதவி கேட்ட கவுட்ரியும் அதில் இருந்தார், தென்னாபிரிக்காப் பயணத்துக்கும் அவர்தான் தலைவர். நள்ளிரவு தாண்டியும் கதைத்தார்கள். மறுநாள் பெயர்கள் வந்தன. டி ஒலிவேரா இல்லை. அன்றும் தன் வூஸ்டர்ஷயர் கழகத்துக்காகச் சதம் அடித்துவிட்டு, ஓய்வறையில் வானொலியில் அந்தப் பட்டியலைக் கேட்டார். அழுதார்.

கிரிக்கெட் காரணங்களுக்காக மட்டும்தான் விட்டோம் என்று தெரிவாளர்கள் சொன்னார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை. அந்த அறையில் ஒருவரும் தென்னாபிரிக்கா என்ற சொல்லைப் பயத்தோடு நினைக்கவில்லை என்று சொன்னால் அது அதைவிட நம்ப முடியாதது. நாட்டில் பெரிய கொந்தளிப்பு. பத்திரிகைகள் எழுதின, சனம் கடிதம் எழுதியது. கழக உறுப்பினர்களே தங்கள் நிருவாகத்துக்கு எதிராக எழும்பினார்கள்.

செப்டெம்பர் நடுப்பகுதி வார இறுதியில் தென்கிழக்கு இங்கிலாந்து வெள்ளத்தில் மூழ்கியது, அந்தக் கோடையின் கடைசி அடி. திங்கட்கிழமை 16ஆம் திகதி, பயணத்துக்குத் தெரிவான ரொம் கார்ட்ரைட் காயத்தால் விலக, அவருடைய இடத்துக்கு டி ஒலிவேராவைச் சேர்த்தார்கள். அடுத்த நாளே வோர்ஸ்டர் புளும்ஃபொன்டைனில் பேசினார்: இது கிரிக்கெட் அணி இல்லை, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, வரவிடமாட்டோம் என்கிற கருத்தில். ஒரு கிழமைக்குள் பயணம் கைவிடப்பட்டது. 1970இல் தென்னாபிரிக்கா இங்கிலாந்துக்கு வரவிருந்த பயணமும் போராட்டங்களால் நின்றது. அந்த நாடு மறுபடி டெஸ்ட் விளையாட 1992 ஆனது.

அந்த 158 ஓட்டத்தை யாரும் "நல்லா அடிச்சான், ஆனா தோத்திட்டம்" என்று மறந்துபோக முடியாமல் செய்ததில், மழை நாளில் துடைத்த சனத்துக்கும் பங்கிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்த மட்ச் இன்னொரு ஈரச் சமநிலையாக முடிந்திருந்தால் அவரை விட்டது இவ்வளவு உறுத்தியிருக்குமா தெரியாது.

படத்துக்குத் திரும்பிப் போனால் இன்னொன்று உறுத்துகிறது. பந்து வீசிய அண்டர்வூட், விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற அலன் நொட், இரண்டு பேரும் 1982இல் தடையை மீறித் தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போனார்கள். மூன்று வருசத் தடை கிடைத்தது. டி ஒலிவேராவோடு தோளுக்குத் தோள் நின்ற ஆக்கள்.

அதே 1982இன் பிற்பகுதியில் எங்கட நாட்டில் இருந்தும் ஒரு குழு போனது. தலைவர் பந்துல வர்ணபுர, அந்த வருசம் பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்டில் தலைமை தாங்கியவர். அவர்களுக்கு 25 வருசத் தடை போட்டார்கள். அப்போது ஊரில் என்ன கதைத்தார்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "எவ்வளவு காசு குடுத்தவங்கள் எண்டுதான் கதைச்சம்" என்றார். "ஏன் குடுக்கிறாங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

போனில் ஓவல் படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"நிலத்தில என்னடா இது, அங்கங்க கொட்டிக் கிடக்கு?"

"மரத்தூள், பெரியப்பா. ஈரம் உறிஞ்சப் போட்டது."