உட்பொதி மென்பொருள் துறையும் மலையக இளைஞரும்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பிரதேசங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் டீ மேக்கரின் கைவிரல்களும் மூக்குமே அளவுகோல்களாக இருந்தன. பச்சைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கும் மேலானது நீரே. வாட்டி, அரைத்து, உலர்த்தி முடிக்கும்போது தூளில் எஞ்ச வேண்டியது ஏறத்தாழ 3 சதவீத ஈரம் மட்டுமே. இன்று வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளக்கும் உணரிகள், நிறம் பார்த்துத் தண்டைப் பிரிக்கும் இயந்திரங்கள், இலத்திரனியல் தராசுகள் ஆகியன இப்பணியில் துணைநிற்கின்றன. இவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு சில்லும், அதில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட ஒரு நிரலும் உண்டு. அந்நிரலே உட்பொதி மென்பொருள். ஆங்கில வழக்கில் ஃபேர்ம்வெயார்.

இதனை எழுதுபவர் சாதாரணக் கணனி நிரலாளரிலிருந்து வேறுபட்டவர். அவருக்குக் கிடைக்கும் நினைவகம் பல வேளைகளில் சில கிலோபைட்டுகளே. திரையோ விசைப்பலகையோ இல்லாத இயந்திரம், மின்சாரம் தடைப்பட்டு மீண்டு வந்தாலும் எவரது உதவியுமின்றித் தன் வேலையைத் தொடர வேண்டும். 1997 ஜூலை 4 ஆம் திகதி செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைன்டர் விண்கலத்தின் கணனி, சில நாட்களில் தன்னைத் தானே மீள ஆரம்பிக்கத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த ஒரு பணி, முன்னுரிமை கூடிய பணிக்குத் தேவையான பொது வளத்தைப் பிடித்துவைத்திருந்ததே காரணம். பூமியிலிருந்த மாதிரியில் பொறியியலாளர்கள் அக்கோளாறை மீள உருவாக்கிக் கண்டறிந்து, திருத்தத்தை அனுப்பிவைத்தனர். தேயிலைத் தோட்டத்துத் தராசில் நிகழும் தவறு இவ்வளவு புகழ் பெறுவதில்லை.

ஆனால் அத்தராசிலேயே ஒரு பெண்ணின் நாட்கூலி தங்கியிருக்கிறது. பறித்த கொழுந்தின் நிறையில் சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்கள் மலையகத்தின் மிகப் பழைய மனக்குறைகளுள் ஒன்று. இலத்திரனியல் தராசில் இக்கழிவைச் செய்வது நிரலே. சுழியத்தை எப்போது சரிசெய்வது, காற்றில் கூடை ஆடும்போது எந்த அளவை இறுதியானதெனக் கொள்வது, கழிவைக் கொழுந்து பறிப்பவரும் பார்க்கும்படி காட்டுவதா என்பனவெல்லாம் எங்கோ ஒரு பொறியியலாளர் எடுத்த முடிவுகள். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் வர்த்தகத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிட வழிசெய்துள்ளது. எனினும் முத்திரை பரிசோதனை நாளுக்குரியது. நிரல் எல்லா நாளும் ஓடுவது.

ஆகவே இத்துறைக்கு ஆட்சேர்ப்பு செய்வோர் தகுதி என்பதை எவ்வாறு அளக்கின்றனர் என்பது முக்கியமாகிறது. சட்டரீதியான தகுதி தெளிவானது. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவையில் பதிவு அவசியம். டிப்ளோமாதாரர்களுக்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் அதில் தனித் தரங்கள் உண்டு. பேராதனை, மொறட்டுவை, ருகுணை ஆகியவற்றோடு, கிளிநொச்சியில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றன. தொழிற்பயிற்சி வழியாக வருவோர் இரத்மலானை தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை செல்லலாம்.

செயல்திறன் சார்ந்த தகுதியோ நேர்முகப் பரீட்சையில் புலப்படுவதில்லை. சரளமான ஆங்கிலமும் கொழும்புப் பாடசாலையின் பெயரும் அங்கே அதிக புள்ளிகளைப் பெற்றுவிடுகின்றன. அதற்குப் பதிலாக ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் பலகை, ஓர் உணரி, அதன் தொழில்நுட்ப விபர ஏடு, ஒரு ஒசிலோஸ்கோப் ஆகியவற்றைக் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு பிழையையும் ஒளித்துவைத்து, மூன்று மணி நேரம் விடலாம். பிழையைக் கண்டுபிடித்தாரா என்பதை விட, எதை முதலில் சந்தேகித்தார், அளந்து பார்த்தாரா, ஊகித்தாரா என்பதே ஆளைக் காட்டும். சி மொழியில் ஒரு இடையூறுச் சமிக்ஞையைக் கையாளும் பத்து வரிகள், பத்துப் பக்க விண்ணப்பத்தை விட அதிகம் சொல்லும். விபர ஏடுகள் ஆங்கிலத்திலேயே உள்ளன என்பதால் ஆங்கிலத்தை வாசித்து விளங்கும் ஆற்றல் தவிர்க்க முடியாதது. பேச்சு வன்மை அப்படியன்று.

இம்மாற்றத்தால் பயன்பெறக்கூடியவர்களில் மலையக மாணவர் முன்னிற்பர். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டவற்றுள் நுவரெலியாவும் ஒன்று. தமிழ்மொழிமூல விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையோ இங்கு பல தசாப்தங்களாகப் பேசப்படுவது. 2013 இல் உயர்தரத்தில் அறிமுகமான தொழில்நுட்பத் துறையும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலைகளுக்கே முழுப் பயன் தருகிறது. இத்தடைகளைத் தாண்டி வரும் ஒருவர் அறிவை விட அறிமுகத்தில்தான் பின்தங்கியிருப்பார். கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் நேர்முகப் பரீட்சைக்கு இரவு பஸ்ஸில் உறங்காமல் வந்து சேர்பவரும் அவரே.

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் இதில் சுயநலம் உண்டு. உலர்த்தியின் கட்டுப்பாட்டுப் பலகை பழுதடைந்தால், கொழும்பிலிருந்து ஆள் வந்து சேரும்வரை வாட்டிய கொழுந்து காத்திருக்காது. மேற்சொன்ன பரீட்சையை நடத்த ஒரு மேசையும் ஒரு பெட்டி உபகரணமும் போதும். அதனை ஹட்டன் நகரிலுள்ள ஒரு மண்டபத்திலேயே நடத்தலாம். உள்ளூரிலேயே ஆள் கிடைத்தால், கொழுந்து மடுவத்துத் தராசின் கழிவு எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று தன் தாயிடம் தமிழில் விளக்கக்கூடியவரும் அவராகவே இருப்பார்.