பச்சைப் பெயின்டுக்குக் கீழே இருந்த கறுப்பு டெலிபோன்



வாப்பாவின் கடை மேசையில் இருந்த பச்சை டெலிபோனை ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். ஒரு இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சவூதிக்கும் குவைத்துக்கும் போன பிள்ளைகளின் கோலுக்காக உம்மாமார் கடை வாங்கில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பாடசாலைக் கண்காட்சிக்காக அதைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு மூலையில் பச்சை கழன்று கறுப்பு தெரிந்தது. "சேர், முழுக்க உரசி ஒரிஜினல் கறுப்பாக்குவமா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். அது ஏன் கறுப்பாக இருந்தது, ஏன் பச்சையானது என்பதை அறிந்த பிறகு உரசுவோம் என்றேன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆரம்ப காலத் தொலைபேசிகள் மரப்பெட்டியிலும் உலோகத்திலும் செய்யப்பட்டவை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர் 1907இல் பீனோலையும் போர்மல்டிஹைட்டையும் சேர்த்து ஒரு புதிய பொருளைச் செய்தார். அதுதான் பேக்கலைட். அதனோடு மரத்தூளைக் கலந்து, உருக்கு அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் இறுகிவிடும். அவித்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகாதது போல, இறுகிய பேக்கலைட் மறுபடி உருகாது. மின்சாரத்தையும் கடத்தாது. டெலிபோனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறை ஒன்று இருந்தது. பேக்கலைட் தன் இயல்பிலேயே மங்கிய பழுப்பு நிறம். வெளிச்சம் பட்டால் இன்னும் கருக்கும். வெளிர் நிறங்கள் அதில் நிற்காது. கறுப்போ கபிலமோ கலந்து செய்வதே வசதியாக இருந்தது. ஆகவே டெலிபோன் கறுப்பானதற்கு முதல் காரணம் யாருடைய ரசனையும் இல்லை, வேதியியல்.

நாம் "பழைய டெலிபோன்" என்றதும் மனதில் வருகிற உருவத்துக்கு வழிகாட்டியவர் ஜான் ஹைபெர்க் என்ற நோர்வே ஓவியர். 1930களின் தொடக்கத்தில் எரிக்சன் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தார். அந்த வடிவத்தைத் தழுவிய 300 வகைத் தொலைபேசியை பிரித்தானிய அஞ்சல் துறை 1937இல் பாவனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் கடையில் இருந்ததும் அந்த வடிவம்தான்.

பிரித்தானியாவில் தந்த நிறம், சிவப்பு, பச்சை ஆகியவையும் கிடைத்தன. ஆனால் அதற்கு மேலதிகக் கட்டணம். அதோடு தொலைபேசி சந்தாதாரரின் சொத்தும் இல்லை. அஞ்சல் துறைக்குச் சொந்தமானதை வாடகை கொடுத்துப் பாவித்தார்கள். சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் கிடைத்தது கறுப்புத்தான். 1959இல் 706 வகை வந்த பிறகுதான் அங்கே நிறங்கள் பரவலாகின.

அப்படியானால் எங்கள் பச்சை? கடைக் கதவுக்கு அடித்த எனாமல் மிஞ்சியதாம், வாப்பா டெலிபோனுக்கும் அடித்துவிட்டாராம். சாச்சா சொன்னார்.

இனி பெயின்ட் கழற்றும் விஷயம். சென்ற வருடம் கிரீம் நிற டெலிபோன் ஒன்றை நானே தின்னர் போட்டுத் துடைத்தேன். பெயின்டோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து கூழாகிப் போனது. அது பேக்கலைட் இல்லை, ஏபிஎஸ் என்ற பிற்காலப் பிளாஸ்டிக். தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைத்துவிடும். ஆகவே முதலில் பொருளை அறிய வேண்டும். பெயின்ட் படாத உட்புறத்தைச் சுடுநீரில் நனைத்த துணியால் அழுத்தித் தேயுங்கள். கார்பாலிக் சவர்க்கார வாசனை வந்தால் பேக்கலைட்.

எங்களுடையதில் அந்த வாசனை வந்தது. உள்ளிருந்த பாகங்களையும் வயரையும் கழற்றி வைத்தோம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பொலித்தீன் கட்டி வைத்தோம். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்த பிறகுதான் பச்சை இளகியது. கத்தி வைக்காமல் மூங்கில் சிராயால் வழித்தோம். சேண்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். பேக்கலைட்டின் மினுக்கம் மேல் தோலில்தான் இருக்கிறது. அது போனால் உள்ளே உள்ள மரத்தூள் வெளியே வந்து தண்ணீரையும் உறிஞ்சும். பழைய எனாமலில் ஈயமும் இருக்கலாம். தூளைச் சுவாசிக்கக் கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் நானே வழித்தேன். பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முன்பக்கமும் இடது பக்கமும் கறுப்பாகிப் பளபளத்தன. வலது பக்கத்தில் பச்சை கழன்றபோது கீழே வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மூன்று இலக்கங்கள். கடையின் பழைய டெலிபோன் நம்பரை வாப்பா தூரிகையால் எழுதி வைத்திருக்கிறார். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடுவது அவர் பழக்கம். அதுவும் இருந்தது. துணியை எடுத்துப் பார்த்தேன். அதே ஸ்பிரிட்டில் வெள்ளையும் இளகத் தொடங்கியிருந்தது.

அத்துடன் நிறுத்திவிட்டேன்.

ஒரிஜினல் என்று நாம் தேடிய கறுப்பு, தொழிற்சாலை அச்சிலிருந்து வந்தது. அதைப்போல ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த நம்பரும், அதற்கு மேல் அடித்த பச்சையும் எங்கள் தெருவில் நடந்தவை. அவை இந்த ஒன்றில் மட்டும்தான் இருக்கின்றன. கண்காட்சியில் டெலிபோன் பாதி கறுப்பும் பாதி பச்சையுமாகத்தான் இருக்கும். மாணவர்கள் அதன் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இரண்டு நிறத்துக்கும் காரணம் எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால், உரச முன்னர் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கடை வாங்கில் காத்திருந்த உம்மாமார் யாரும் இருந்தால், பிள்ளைகளோடு கண்காட்சிக்கு வாருங்கள். மர்ஹூம் வாப்பாவுக்காகவும் துஆ செய்யுங்கள்.