பழைய காரின் பிரேக் ஏன் பிடிப்பதில்லை? பெங்களூர்ப் பட்டறைகள் காத்துவைத்திருக்கும் ஒரு வரலாறு

1930-களில் செய்யப்பட்ட கார் ஒன்று பெங்களூரின் சாலைகளில் இன்று ஓடினால், அதன் பிரேக்கைக் குறித்துப் பெரும்பாலோர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: 'பழைய வண்டி, பிரேக் அப்படித்தான் இருக்கும்.' இந்த வாக்கியம் வரலாற்று நோக்கில் பிழையானது. அந்தக் கார் ஆலையிலிருந்து வெளிவந்த நாளில், அன்றைய வேகத்தில், அன்றைய சாலையில் நின்றது. நிற்காத வண்டியை அக்காலத்திலும் யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. அதன் பலவீனம் இடையில் வந்து சேர்ந்தது. எங்கே, எப்போது, எவர் கையால் வந்தது என்று கண்டறிவதே பழுதுபார்ப்பின் முதற்பாதி. அந்த விசாரணை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாற்றுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

தொடக்கத்தில் சாலை வண்டிகளின் பிரேக் என்பது சக்கரத்தின் விளிம்பில் அழுத்தும் ஒரு கட்டை. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையின்மேல் பழைய செருப்புத் தோலை அடித்து இறக்கத்தில் இறங்குவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897-இல் பிரேக்குக்கென்றே தனியான உராய்வுப் பட்டையை உருவாக்கினார். 'ஃபெரோடோ' என்ற பெயர் அவருடைய பெயரின் எழுத்துகளைக் கலைத்து அமைத்ததுதான். பருத்தி இழைப் பட்டை வெப்பத்தில் கருகியது. எனவே 1908 அளவில் கல்நார் அந்த இடத்துக்கு வந்தது. வெப்பத்தைத் தாங்கும் அந்த நார், அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு உலகத்தின் பிரேக்குகள் அனைத்திலும் குடியேறியது. அதற்கான விலையைப் பின்னர் காண்போம்.

பட்டை தேறினாலும், அதை அழுத்தும் விசையைக் காலிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் சமமாகக் கொண்டுசெல்வது பெரும் சிக்கலாக நீடித்தது. 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடலின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லவே இல்லை. அது கியர்பெட்டிக்குள் இருந்தது. கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடித்தது. 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் நான்கு சக்கரங்களிலும் பிரேக் கொண்டிருந்தது. ஆயினும் கால் மிதி பின்சக்கரங்களையும், கை நெம்புகோல் முன்சக்கரங்களையும் தனித்தனியே இயக்கின. 1930-இல்தான் இரண்டும் இணைக்கப்பட்டன. இத்தகைய வண்டியை இன்று ஓட்டுபவர் காலை மட்டும் நம்பி 'பிரேக் பலவீனம்' என்றால், குறை பிரேக்கில் இல்லை. அந்த வண்டி எதிர்பார்க்கும் கைப்பழக்கம் மறைந்துவிட்டது, அவ்வளவே.

அடுத்த திருப்பம் திரவம். மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர், மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவம் அழுத்தத்தை எல்லாத் திசையிலும் சமமாகக் கடத்தும் என்ற பழைய விதியைக் கார் சக்கரங்களுக்குப் பொருத்தி, 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பெர்க் காரில் அது இடம்பெற்றது. அதன் தோல் கப்புகள் கசிந்தன. 1924-இல் கிரைஸ்லர் காரில் ரப்பர் கப்புகள் வந்தபின் அம்முறை நிலைபெற்றது. 1935-இல் வந்த எளிய மோரிஸ் எயிட் கூடத் திரவ பிரேக் பெற்றுவிட்டது. ஆனால் ஹென்றி ஃபோர்டு இரும்புக் கம்பிகளையே நம்பினார். அவருடைய கார்கள் 1939 வரை காத்திருந்தன. ஆகவே ஒரே பத்தாண்டில் பிறந்த இரு கார்கள், ஒன்று கம்பியிலும் மற்றொன்று திரவத்திலும் நிற்கக்கூடும். அவற்றின் நோய்களும் வேறு, மருத்துவமும் வேறு.

கம்பி பிரேக்கில் பலவீனத்தின் ஊற்று பெரும்பாலும் இணைப்பு ஊசிகளில் இருக்கிறது. ஒவ்வொரு ஊசியும் அதன் துளையும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும், பத்து இணைப்புகளின் தளர்ச்சி கூடி மிதியின் பாதிப் பயணத்தை விழுங்கிவிடும். இதற்கு அவசரக்காரர் செய்யும் சிகிச்சை, கம்பியைத் திருகி நீளத்தைக் குறைப்பது. அதனால் மிதி உயரும், பிரேக் உயராது. நெம்புகோல் கம்பிக்குச் செங்குத்தாக வரும் நிலையில்தான் அதன் விசை முழுமை பெறுகிறது. கம்பியைக் குறுக்கினால் அந்தக் கோணம் குலைந்துவிடும். முறையான வழி சக்கரத்திலிருந்து தொடங்குகிறது: ஷூக்களை டிரம்முக்கு அருகே சரிசெய்தல், தேய்ந்த ஊசிகளைக் கடைந்து மாற்றுதல், கம்பிகளை ஆலைக் கையேட்டின் நீளத்துக்கு மீட்டல், பிறகு நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து உயர்த்தி, ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றவர் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றி எது முந்திப் பிடிக்கிறது, எது பிந்துகிறது என்று ஒப்பிடுதல்.

திரவ பிரேக்கில் மிதியே நோயைச் சொல்லிவிடும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று, அல்லது உப்பிப்போன பழைய ரப்பர் ஹோஸ். கல்போல் இறுகியும் வண்டி நிற்காவிட்டால், கண்ணாடிபோல் மெருகேறிய லைனிங், அல்லது அச்சின் ஆயில் சீல் கசிந்து நனைந்த லைனிங். ஒரு பக்கமாக இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் சிலிண்டர் இறுகியிருக்கலாம். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்திருக்கிறது. இவற்றுள் இந்தியப் பட்டறைகளுக்கு நன்கு அறிமுகமான விபத்து ஒன்று உண்டு. தொடக்ககால பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த வகை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அது இயற்கை ரப்பருக்குத் தீங்கு செய்வதில்லை. 'எண்ணெய்தானே' என்று அதன் இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால், ரப்பர் கப்புகள் ஊதிப் பருத்து, திரவம் திரும்பும் நுண்துளையை அடைத்துவிடும். காலை எடுத்தபின்னும் பிரேக் விடாது. டிரம் கொதிக்கும். லைனிங் கருகும். பிறகு தேவைப்படும் வேளையில் பிடிக்காது.

பெங்களூரின் நிலவியலும் தன் பங்கைச் சேர்க்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வெற்றிடத்தால் உதவி பெறும் 1950-களின் பெரிய அமெரிக்கக் கார்களில், அந்த உதவி இங்கே இயல்பாகவே சற்றுக் குறையும். நகருக்கு அருகே நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். அதன் வளைவுகளில் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் பழைய டிரம்கள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்குமுன் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைக் கட்டுப்படுத்துவது, அக்கார்கள் பிறந்த காலத்தில் ஓட்டுநர்களின் அடிப்படைப் பாடம். இதனினும் நுண்ணியது ஈரம். இன்றைய கிளைகால் வகைத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ், ஈரமேறியபின் 140. ஆண்டுக்கு இருமுறை மட்டும் கொட்டகையைவிட்டு வெளிவரும் கார், ஓடித் தேய்வதைவிட நின்று துருவேறியே தன் பிரேக்கை அதிகம் இழக்கிறது.

இவையெல்லாம் இயந்திரக் காரணங்கள். பெங்களூரில் ஒரு பழைய டிரம்மைத் திறந்தால் காணக்கிடைப்பது அவற்றைக் கடந்தது: ஒரு கப் ஒரு நிறுவனத்துடையது, மற்றது வேறு வண்டிக்குரியது, சிலிண்டருக்குள் பித்தளை உறை, பல முறை கடைந்து விட்டம் பெருத்த டிரம். இந்தக் கலவைக்கு அரசியல் வரலாறு உண்டு. மைசூரின் முன்னாள் திவான் விசுவேசுவரய்யா, 1935-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று, இந்தியாவில் கார் ஆலை அமைக்கும் திட்டத்துடன் திரும்பினார். வால்சந்த் ஹிராசந்த் அதை முன்னெடுத்தார். மைசூர் சமஸ்தானத்தில் அதைத் தொடங்கும் முயற்சி, பிரித்தானிய இந்திய அரசின் ஆதரவின்றி முடங்கியது. 1940 டிசம்பரில் அதே வால்சந்த் பெங்களூரில் விமான ஆலையை நிறுவினார்; கார் ஆலையோ 1944-இல் பம்பாயில் பிரீமியர் நிறுவனமாகப் பிறந்தது. விடுதலைக்குப்பின், 1953-இல், உள்நாட்டு உற்பத்தித் திட்டமில்லாத ஒருங்கிணைப்பு ஆலைகளுக்கு இடமில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்சும், ஃபோர்டும் வெளியேறின. அவர்கள் விற்ற செவ்ரலேக்களும் ஃபோர்டுகளும் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றின் உதிரிப் பாகங்கள் வருவது அருகிப்போனது. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது 1962-இல். அதுவும் புதிய இந்திய வண்டிகளுக்கே முதன்மையாகப் பாகங்கள் செய்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவை பட்டறைகள். விமான ஆலையைத் தொடர்ந்து 1948-இல் ஐ.டி.ஐ., 1951-இல் மைக்கோ, 1953-இல் எச்.எம்.டி. என்று பெங்களூர் கடைசல் இயந்திரங்களின் நகரமாக வளர்ந்தது. 1809 முதல் கண்டோன்மெண்டைச் சுற்றிப் பெருந்தொகையாகக் குடியேறிய தமிழர்களும், கன்னடர்களும், உருது பேசுவோரும் அருகருகே நின்று அந்தத் தொழிலைக் கற்றனர். நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கப் பழகிய நகரத்தில், ஜே.சி. சாலையும் கலாசிபாளையமும் உதிரிப் பாகச் சந்தைகளாயின. கிடைக்காத பாகத்தை அங்கே தேடினார்கள். தேடியும் கிடைக்காததைக் கடைந்தெடுத்தார்கள். துருப்பிடித்த சிலிண்டரை விரித்துக் கடைந்து பித்தளை உறை இறக்குவது, தேய்ந்த ஷூவில் புதுப் பட்டை வைத்துத் தாமிர ரிவெட் அடிப்பது, பெருத்த டிரம்மின் வளைவுக்கேற்ப லைனிங்கைத் தேய்த்துப் பொருத்துவது ஆகியவை பஞ்சகாலத்தின் சமாளிப்புகள் மட்டுமல்ல. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த லைனிங்கும் டிரம்மின் நடுவில் மட்டும் தொட்டு, மூன்றில் ஒரு பங்கு பிடிப்பையே தரக்கூடும். 'புதிதாக லைனிங் போட்டும் நிற்கவில்லை' என்ற முறையீட்டுக்கு அடிக்கடிக் கிடைக்கும் விடை இதுதான்.

அந்தக் கைகள் கொடுத்த விலை கல்நார். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் சாம்பல்நிறத் தூளைக் காற்றடித்து ஊதுவதும், தரையில் தட்டிக் கொட்டுவதும் உலகெங்கும் பட்டறைகளின் அன்றாட வழக்கமாக இருந்தன. அந்தத் தூளின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கினால், நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி வேலையைவிட்டே போயிருப்பார், காரணத்தைக் கேட்பாரும் இருக்கமாட்டார். இன்றைய தரமான லைனிங்குகளில் கல்நார் இல்லை. ஆனால் பழைய டிரம்முக்குள்ளும், பழைய சரக்காக விற்கப்படும் பட்டைகளிலும் அது இன்னும் இருக்கக்கூடும். ஆகவே ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அகற்றுவதே முறை. பழைய காரைக் காப்பாற்றுவோர் முதலில் காக்கவேண்டியது அதைத் திறப்பவரின் மூச்சை.

2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களையும் இருசக்கர வண்டிகளையும் 'விண்டேஜ்' என அங்கீகரித்து, 'வி.ஏ.' என்ற தனி எழுத்துகளுடன் பதிவுசெய்ய வழிவகுத்தன. அன்றாடப் பயன்பாட்டுக்கு அவை கூடா. சட்டகமும் உடலும் எஞ்சினும் மூலவடிவில் இருக்கவேண்டும். இங்கே ஒரு வினா எழுகிறது: பலவீனமான டிரம்மை அகற்றி, நவீன டிஸ்க் பிரேக் பொருத்துவது தகுமா? இயற்பியல் ஒரு பக்கம் நிற்கிறது. வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த பிரேக்கை, ஓசூர்ச் சாலையில் 80-இல் ஓட்டிவிட்டுக் குறைசொல்வது நீதியன்று. வரலாறு மறுபக்கம் நிற்கிறது. அகற்றி வீசப்படும் ஒவ்வொரு டிரம்முடனும், பாகங்கள் கிடைக்காத காலத்தில் இந்நகரம் எவ்வாறு தன் வண்டிகளை நிறுத்தியது என்பதற்கான சான்றும் போய்விடுகிறது.

பெரும்பாலான கார்களில் இந்த மோதலுக்கு அவசியமே இல்லை. ஊசிகளும் கோணங்களும் சீராகி, சிலிண்டர்கள் கசிவின்றி, லைனிங் டிரம்மின் வளைவு முழுதும் தொட்டால், அந்தக் கார் தனக்குரிய வேகத்தில் நம்பகமாக நிற்கும். மீதிப் பொறுப்பு, அந்த வேகத்தை மீறாத ஓட்டுநருடையது. வேலை முடிந்ததும் செய்யவேண்டியது ஒன்று எஞ்சுகிறது: எந்தச் சிலிண்டரில் உறை இறக்கப்பட்டது, டிரம்மின் இன்றைய விட்டம் என்ன, எந்தத் திரவம் ஊற்றப்பட்டது, எந்த நாளில் யார் செய்தார் என்று ஒரு தாளில் எழுதி வண்டியோடு வைப்பது. பெங்களூரின் பட்டறைகள் முக்கால் நூற்றாண்டாகச் செய்த வேலையின் பெரும்பகுதி எழுதப்படாமலே போயிற்று. அடுத்து அந்த டிரம்மைத் திறப்பவருக்கு, ஊகிப்பதற்குப் பதிலாகப் படிப்பதற்கு ஏதேனும் இருக்கட்டும்.