கோட்டைக் காத்த கண்கள்

ஆட்டம் எதுவாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையை வகுப்பது எளிது; அதனைக் கடந்தது யார், கடந்தது மெய்தானா என்று தீர்ப்பதே அரிது. கபடி ஆடும் சிறுவர்கள் மண்ணில் காலால் கிழித்த ஒரு கோட்டின் பொருட்டு ஆட்டத்தையே மறந்து வாதாடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதே வாதம் ஆயிரக்கணக்கானோர் கூடிய டென்னிஸ் அரங்குகளிலும் நிகழ்ந்தது. அதனைத் தீர்க்கப் புகுந்த மனிதர், முதலில் தம் கண்ணை நம்பினர். பின்னர் கதிரை நம்பினர். முடிவில் கணிப்பொறியை நம்பினர். இந்த மாற்றத்தின் வரலாறு விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. நடுவுநிலைமை என்னும் பொறுப்பை மனிதன் எவ்வாறு கைமாற்றினான் என்பதைக் காட்டும் வரலாறாகவும் அது விளங்குகிறது.

புல்தரை டென்னிஸுக்கு 1874-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்பவர். அவர் வகுத்த ஆடுகளம் இடையில் குறுகி, இரு முனைகளிலும் அகன்று, உடுக்கை போன்ற வடிவில் அமைந்திருந்தது. 1877-ஆம் ஆண்டில் விம்பிள்டனில் முதற்போட்டி நடந்தபோது அவ்வடிவம் கைவிடப்பட்டது. 78 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்ட நீள்சதுரம் நிலைபெற்றது. ஒற்றையர் ஆட்டத்துக்கு அந்த அளவு இன்றளவும் மாறவில்லை. பந்து கோட்டை ஒரு மயிரிழையேனும் தொட்டிருந்தால் அது நல்ல பந்து. தொடாவிடில் அது தவறு. விதி இவ்வளவு தெளிவாக இருந்தது. ஆயினும், தொட்டதா இல்லையா என்று சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

அதற்காகவே கோட்டு நடுவர்கள் அமர்த்தப்பட்டனர். உயர்ந்த நாற்காலியில் தலைமை நடுவர் வீற்றிருப்பார். ஆடுகளத்தைச் சுற்றி, பெரிய ஆட்டங்களில், பத்துப் பேர்வரை ஆளுக்கொரு கோட்டைக் கண்ணிமையாது நோக்கி நிற்பர். வலையின் மேல் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, பந்து உரசிய அதிர்வை உணர்ந்து சொல்வதற்கென்றே தனியாக ஒருவர் அமர்ந்திருந்த காலமும் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு வினாடியில் ஏறத்தாழ 55 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். அது தரையைத் தொட்டு எழும் நேரமோ ஒரு வினாடியில் இருநூற்றில் ஒரு பங்களவே ஆகும். அந்தக் கணத்தில் பந்து நசுங்குகிறது, வழுக்குகிறது, எழும்புகிறது. இத்தனையையும் கண்டு, உடனே கையை நீட்டித் தீர்ப்புக் கூறுவது எளிய தொழிலன்று.

அக்காலத்தில் நடுவருக்குத் தரையும் ஓரளவு துணை செய்தது. புல்தரையில் கோடுகளைச் சுண்ணத்தால் இட்டிருந்தனர். பந்து கோட்டில் பட்டால் வெண்துகள் எழும், அதுவே சாட்சி. செம்மண் தரையிலோ பந்தின் தடம் பதிந்து நிற்கும். நடுவர் இறங்கி வந்து பார்க்கலாம். நம் இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றதும், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கு அரையிறுதிவரை சென்றதும் மனிதக் கண்களின் தீர்ப்பை ஏற்ற ஆட்டங்களில்தான்.

இந்த ஏற்பாடு ஏன் குலைந்தது? இரண்டு காரணங்களை நாம் சொல்லலாம். 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பெரும் போட்டிகளின் கதவு திறக்கப்பட்டது. பரிசுத் தொகை பெருகியது. ஒரு பந்தின் தீர்ப்பில் ஒருவருடைய வருவாயே மாறக்கூடும் என்ற நிலை வந்தது. இரண்டாவது காரணம் தொலைக்காட்சி. வீட்டில் சாய்ந்திருக்கும் பார்வையாளர், பந்து விழுந்த காட்சியை மெதுவாகத் திரும்பவும் கண்டார். களத்தில் நிற்கும் நடுவருக்கோ அந்த வசதி இல்லை. நீதிபதியைவிட வேடிக்கை பார்ப்பவர் அதிகம் அறிந்திருக்கும் நிலை எந்த நீதிமன்றத்துக்கும் நல்லதன்று.

1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், ஜெஃப்ரி கிராண்ட் என்னும் ஆட்டக்காரரும் இராபர்ட் நிக்ஸ் என்னும் பொறியாளரும் சேர்ந்து அமைத்த மின்னணுக் கருவி ஒரு போட்டியில் வைக்கப்பட்டது. தரையில் பதித்த அழுத்த உணரிகள் பந்து பட்டதை உணர்த்தும் என்பது அதன் தத்துவம். தரையை மிதிக்கும் காலையும் தரையில் விழும் பந்தையும் பிரித்தறிவது அதற்கு இன்றியமையாத பணியாக இருந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் வேறொரு வழியை முயன்றனர். பந்தினுள் உலோகத் துகளைக் கலந்து, ஆடுகளத்தின் அடியில் கம்பிகளைப் பதித்து, பந்தின் வருகையை மின்காந்த முறையில் உணர முற்பட்டனர். பந்தையும் மாற்ற வேண்டும், தரையையும் தோண்ட வேண்டும் என்பதால் அம்முறை பரவவில்லை.

இடையில் வெற்றி கண்டது 'சைக்ளாப்ஸ்' என்னும் கருவியாகும். கிரேக்கப் புராணத்தில் வரும் ஒற்றைக்கண் அரக்கரின் பெயரை அதற்குச் சூட்டினர். பில் கார்ல்டன், மார்கரெட் பார்னிஸ் இங்கிலாந்து என்னும் இருவர் உருவாக்கிய அக்கருவி 1980-ஆம் ஆண்டில் விம்பிள்டனில் இடம்பெற்றது. அதன் இயக்கம் எளிமையானது. சர்வீஸ் கோட்டை ஒட்டி, தரையிலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள் ஐந்தோ ஆறோ பாய்ந்து செல்லும். ஒரு கதிர் கோட்டுக்கு உட்புறம்; ஏனையவை வெளிப்புறம். உட்கதிரைப் பந்து மறித்தால் மற்றவை அணைந்துவிடும், பந்து நல்லது. வெளிக்கதிரை மறித்தால் கூர்மையான ஓர் ஒலி எழும், பந்து தவறு.

ஆயினும் அதன் ஆட்சி சர்வீஸ் கோட்டோடு முடிந்தது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னர் ஒரு மனிதரே அதனை இயக்க வேண்டியிருந்தது. ஏனைய கோடுகளில் பழைய வாதமே தொடர்ந்தது. கருவி வந்த மறு ஆண்டு, 1981-இல், ஜான் மெக்கன்ரோ விம்பிள்டனின் முதற்சுற்றிலேயே தலைமை நடுவரை நோக்கிச் சீறினார். சுண்ணத்துகள் எழுந்ததே, காணவில்லையா என்பதுதான் அவருடைய வழக்கு. அந்தச் சீற்றம் உலகெங்கும் பேசப்பட்டது. அவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் பட்டமும் அவருக்கே கிட்டியது.

நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாமல் குற்றத்தைக் குற்றமென்றே உரைத்த நக்கீரரின் கதை நமக்குத் தெரியும். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் கோபத்துக்கு எதிரே நின்று, கண்டதைக் கண்டபடி சொன்ன பெயர் தெரியாத கோட்டு நடுவர்களும் அந்த மரபைச் சேர்ந்தவர்களே எனலாம். ஆனால் நக்கீரர் பாட்டைப் படித்துப் பார்க்க நேரம் இருந்தது. இவர்களுக்கோ இமைப்பொழுதும் இல்லை.

அந்தக் குறையை உலகமே கண்ட நாள் 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அமெரிக்க ஓபன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸும் ஜெனிஃபர் கேப்ரியாட்டியும் மோதினர். முடிவுச் செட்டின் தொடக்கத்தில் செரீனா அடித்த பந்து எல்லைக்குள் நன்றாகவே விழுந்தது. கோட்டு நடுவரும் அதனைத் தவறென்று சொல்லவில்லை. தலைமை நடுவரோ குறுக்கிட்டு அதனை வெளிப்பந்து என்று தீர்த்தார். தொலைக்காட்சி அத்தவற்றைத் தெளிவாகக் காட்டியது. செரீனா தோற்றார், போட்டி அமைப்பினர் பின்னர் அவரிடம் வருத்தம் தெரிவித்தனர். இனி மனிதக் கண்ணை மட்டும் நம்ப இயலாது என்ற கருத்து அன்றே வலுப்பெற்றது.

அதற்கான கருவி முன்னரே ஆயத்தமாக இருந்தது. பால் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கிய 'ஹாக்-ஐ', 2001-இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் ஒளிபரப்பில் முதன்முதலாகப் பயன்பட்டது. ஆடுகளத்தைச் சுற்றிலும் பல கேமராக்கள் பந்தை நோக்குகின்றன. ஒவ்வொரு கேமராவும் காணும் இடத்தை ஒன்றோடொன்று பொருத்தி, பந்து வானில் இருந்த இடத்தைக் கணிப்பொறி கணிக்கிறது. அதன் பாதையை வரைகிறது. தரையில் பட்டபோது எவ்வளவு இடத்தைத் தழுவியிருக்கும் என்று முடிவு செய்கிறது. இங்கே நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். திரையில் நாம் காணும் தடம் ஒரு புகைப்படமன்று; அது ஒரு கணக்கின் விடை. சராசரிப் பிழை சில மில்லிமீட்டர் என்று கருவியைச் செய்தவர்களே கூறியுள்ளனர். ஆனால் திரையில் தோன்றும் சித்திரமோ ஐயத்துக்கு இடமே இல்லை என்பதுபோல் நிற்கிறது.

2006-ஆம் ஆண்டில் மயாமியில் நடந்த போட்டியில், நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடும் உரிமை ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டே அமெரிக்க ஓபனிலும், 2007-இல் விம்பிள்டனிலும் அம்முறை புகுந்தது. சைக்ளாப்ஸ் ஓய்வு பெற்றது. ஒரு செட்டில் தோற்கக்கூடிய முறையீடுகளுக்கு எண்ணிக்கை வரம்பிட்டனர். விளைவு வியப்புக்குரியது. முறையீடுகளில் பெரும்பாலானவை தோற்றன! அதாவது, கண் பிசகியவர்கள் பெரும்பாலும் முறையிட்டவர்களே. கோட்டு நடுவர்கள் அல்லர். தம்மைத் திருத்த வந்த இயந்திரமே தமக்கு நற்சான்று வழங்கிய பெருமை அந்த நடுவர்களுக்குக் கிட்டியது.

ஆயினும் நற்சான்று வேலையைக் காக்கவில்லை. 2017-இல் மிலான் நகரில் இளம் ஆட்டக்காரர்களுக்கென நடந்த போட்டியில் கோட்டு நடுவர் எவருமின்றி, இயந்திரமே உடனுக்குடன் தீர்ப்புக் கூறியது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, களத்தில் ஆட்களைக் குறைக்கவேண்டிய தேவை அம்முறைக்கு வழி திறந்தது. அமெரிக்க ஓபனில் பெரும்பாலான ஆடுகளங்கள் அவ்வாறே நடந்தன. 2021-இல் ஆஸ்திரேலிய ஓபன் முழுவதுமாக மாறியது. 2025-இல் விம்பிள்டனும் மாறிற்று. 147 ஆண்டுகளாகக் கோட்டருகே நின்ற மனிதர் அங்கிருந்து அகன்றார். ஏறத்தாழ 300 பேர் செய்துவந்த பணி அது. அவர்களில் சிலர் ஆட்ட உதவியாளர்களாகத் தொடர்ந்தனர். கோட்டருகே பயின்றவர்களே தலைமை நடுவர்களாக உயர்வது வழக்கம். அந்த ஏணியின் கீழ்ப்படி இப்போது எடுக்கப்பட்டுவிட்டது.

அதே 2025-ஆம் ஆண்டு, ஜூலை 6-ஆம் நாள், விம்பிள்டன் மைய அரங்கில் நடந்ததை நாம் மறக்கலாகாது. ரஷ்ய வீராங்கனை பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனே கார்ட்டலும் முதற் செட்டில் நான்குக்கு நான்கு என்று சமநிலையில் இருந்தனர். கார்ட்டல் அடித்த பந்து எல்லைக்கு வெளியே விழுந்தது. இயந்திரம் பேசவில்லை. அதனை இயக்கியவர் தவறுதலாக அப்பகுதியில் அதை நிறுத்திவைத்திருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. தலைமை நடுவர் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, அப்புள்ளியைத் திரும்ப ஆடும்படி பணித்தார். அந்த ஆட்டத்தை இழந்த பாவ்லியுசென்கோவா போட்டியை வென்றுவிட்டார். ஆனால் அவருடைய கேள்வி நின்றுவிட்டது. பந்து வெளியே விழுந்ததைக் கண்டும், அதைச் சொல்லும் துணிவு நடுவருக்கு ஏன் இல்லை? பயன்படுத்தாத உறுப்பு மெலிவதைப் போல, பயன்படுத்தாத நியாய உணர்ச்சியும் மெலியுமோ என்ற அச்சம் நமக்கு எழுகிறது.

நம் நாட்டிலும் இவ்வாதம் ஒலித்ததுண்டு. 2014-இல் தில்லியில் நடந்த இந்திய ஓபன் பூப்பந்துப் போட்டியில் ஹாக்-ஐ முறை உலகப் பூப்பந்து அமைப்பினரால் முறையாக அறிமுகப்படுத்தப்பட்டது. கிரிக்கெட்டிலோ, 2008-இல் இலங்கையில் மறுபரிசீலனை முறையைச் சோதித்த தொடரில் இந்திய அணியே ஆடியது. ஆயினும் பந்தின் பாதையைக் கணிக்கும் கருவியை ஐயுற்ற நம் கிரிக்கெட் வாரியம், 2016-வரை பெரும்பாலும் அம்முறையை ஏற்க மறுத்தது. கருவி திருந்தியபின் அதனை ஏற்றது. கேள்வி கேட்டு ஏற்பதற்கும் கேளாமல் ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு. செம்மண்ணில் தடம் பார்க்கும் வழக்கமுள்ள பிரெஞ்சு ஓபன், 2025-இலும் கோட்டு நடுவர்களைக் கைவிடவில்லை.

இயந்திரம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. செரீனாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராமல் அது காக்கிறது. ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் தமிழ் நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. கோடு என்னும் சொல்லுக்கு வரை என்பது ஒரு பொருள். வளைதல், ஒரு பக்கம் சாய்தல் என்பது மற்றொரு பொருள். அவ்வாறு சாயாதிருத்தலையே கோடாமை என்றனர் நம் முன்னோர். வள்ளுவரும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கோட்டைக் காண்பதற்குக் கதிரும் கணக்கும் போதும். கோடாமையைக் காப்பதற்கோ, இயந்திரம் வாய் மூடிய கணத்திலும் கண்டதைச் சொல்லும் ஒரு மனிதர் அங்கே இருத்தல் வேண்டும்.