காந்த வடிவ நினைவு உலோகக்கலவை

காந்தப் புலத்துக்குள் வைத்ததும் கண்ணுக்குத் தெரியும் அளவில் நீளவும் குறுகவும் கூடிய உலோகக்கலவை. நிக்கல், மாங்கனீசு, காலியம் சேர்ந்த கலவையே இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டது.

காந்தமாகும் இரும்பு சற்றே நீள்வதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1842இல் கண்டறிந்தார். அந்த நீட்சி பத்து இலட்சத்தில் சில பங்குதான். டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு சேர்ந்த டெர்ஃபினால்-டி கூட ஏறத்தாழ 0.2 விழுக்காடே நீளும். நிக்கல்-மாங்கனீசு-காலியம் ஒற்றைப் படிகமோ 6 விழுக்காடு வரை மாறும். சில படிக அமைப்புகளில் இது 10 விழுக்காட்டை நெருங்குகிறது. 20 மில்லிமீட்டர் படிகத்தில் 6 விழுக்காடு என்பது 1.2 மில்லிமீட்டர்.

இவ்வளவு பெரிய மாற்றம் அணுப் பிணைப்புகள் இழுபட்டு வருவதில்லை. கலவை குளிரும்போது கனசதுரப் படிகம் ஓர் அச்சில் குறுகி மார்ட்டென்சைட் நிலையை அடைகிறது. குறுகிய அச்சு படிகத்தின் ஒரு பகுதியில் ஒரு திசையிலும், அடுத்த பகுதியில் வேறு திசையிலும் அமையும். இரண்டுக்கும் நடுவே உள்ளது இரட்டை எல்லை. மெருகேற்றிய பரப்பில் அது மெல்லிய மடிப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் ஒரு பக்கம் மினுங்கும்போது மறுபக்கம் மங்கியிருக்கும். எளிதில் காந்தமாகும் அச்சும் அந்தக் குறுகிய அச்சே. ஆகவே புலத்தைச் செலுத்தினால், குறுகிய அச்சு புலத்தின் திசையில் உள்ள பகுதி வளர்கிறது, மற்றது தேய்கிறது. கோடு நகர்வதையே பார்க்கலாம். படிகம் புலத்தின் திசையில் குறுகி, குறுக்கே நீள்கிறது. இதற்கு 1 டெஸ்லாவுக்கும் குறைந்த புலம் போதும். புலத்தை நீக்கினாலும் புதிய வடிவம் அப்படியே நிற்கும். பழைய வடிவம் வேண்டுமென்றால் செங்குத்தான புலமோ அழுத்தமோ தேவை.

எல்லாம் இந்த எல்லை எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. காந்தம் தரும் உந்துதல் ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல்தான். எதிர் அழுத்தம் அதைத் தாண்டினால் அசைவு நின்றுவிடும். ஆய்வாளர் காரி உல்லாக்கோவின் குழுவினர் 1996இல் இந்தக் கலவையில் முதன்முதலாகப் பெற்ற வடிவ மாற்றம் 0.2 விழுக்காடு. படிகம் வளர்க்கும் திறன் கூடக்கூட எண் ஏறியது. பல படிகத் துகள்கள் சேர்ந்த பல்படிகத்தில் அவை ஒன்றையொன்று தடுக்கின்றன. 2009இல் நுரைபோல் துளைகள் விட்டு வார்த்த பல்படிகம் அந்தத் தடையைப் பெரிதும் தளர்த்தி, 8.7 விழுக்காடு வரை மாறியது.

வெப்பத்தால் இயங்கும் வடிவ நினைவுக் கலவைகள் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நிக்கல்-மாங்கனீசு-காலியத்துக்கு அந்தத் தாமதம் இல்லை, மில்லிநொடிகளில் இயங்கும். ஆனால் எளிதில் உடையும். சூடேறினால் மார்ட்டென்சைட் கலைந்து பண்பு போய்விடும். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் காந்தத்தன்மையே மறையும்.

2006இல் அறிவிக்கப்பட்ட நிக்கல்-கோபால்ட்-மாங்கனீசு-இண்டியம் கலவை வேறு வழியில் இயங்குகிறது. அதில் வலிய புலம் மார்ட்டென்சைட்டையே மீண்டும் மூலப் படிகமாக மாற்றி, முன்பே அழுத்தப்பட்ட வடிவத்தை மீட்கிறது.