மணிக்கூடு பிந்தியது ஏன்?

"திணிவும் நிறையும் ஒன்றுதானே சேர்?" என்று பிள்ளைகள் கேட்டால் நாங்கள் ஒரு மணிக்கூட்டின் கதையைச் சொல்வோம்.

1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே, மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள தென்னமெரிக்கக் கயெனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கே நாளொன்றுக்குச் சுமார் 2½ நிமிடம் பிந்தியது. ஊசலைச் சற்றுக் குறுக்க வேண்டியதாயிற்று.

ஊசற்குண்டின் திணிவு மாறவில்லை. அங்கே ஈர்ப்பு குறைவு, ஆகவே நிறையும் குறைவு. 1687இல் நியூட்டன், பூமி மத்திய கோட்டில் புடைத்துள்ளது என்பதற்கு இதைச் சான்றாக்கினார். சந்திரனில் எம் நிறை 1/6 பங்கு; திணிவோ அதேதான்.

கிலோகிராம் திணிவின் அலகு, நிறை ஒரு விசை என்று சர்வதேச அளவை மாநாடு தெளிவுபடுத்தியது 1901இல்தான். அறிஞர்களுக்கே இவ்வளவு காலம் எடுத்தது. பிள்ளை குழம்பினால் ஏசாமல் மீண்டும் சொல்லிக் கொடுப்போம்.