முருங்கை இலைச் சாறு கோதுமை வயலுக்குப் போன கதை

முருங்கைக் கீரையில் பொரியல் செய்யலாம், சூப் வைக்கலாம். அதைப் பிழிந்து பயிர் மேல் தெளித்தால் விளைச்சல் கூடுமா? கூடும் என்கின்றன சில ஆய்வுகள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது, இதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

தேங்காய்த் தண்ணீரில் ஆரம்பம்

1941-ல் வான் ஓவர்பீக்கும் அவருடைய சகாக்களும் ஊமத்தை விதையிலிருந்து எடுத்த மிகச் சிறிய கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார்கள். அது இல்லாமல் அந்தக் கருக்கள் சரியாக வளரவில்லை. ஆக, வளர்ச்சியைத் தூண்டும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது!

1955-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மில்லர், ஸ்கூக் குழுவினர் செல் பிரிவதைத் தூண்டும் கைனெட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது கிடைத்தது ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில். செடியிலேயே இயற்கையாக இருக்கும் இதன் உறவுப் பொருளை 1963-ல் நியூசிலாந்து விஞ்ஞானி லெத்தாம் இளம் மக்காச்சோள மணிகளிலிருந்து பிரித்தெடுத்தார். மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயர் ஜியா மேஸ். அதனால் இதற்கு ஜியாட்டின் என்று பெயர் வந்தது.

இவையெல்லாம் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குடும்பம். இலை பழுப்பதைத் தள்ளிப்போடுவதும் இவற்றின் வேலை. நெல், கோதுமையில் கதிருக்குக் கீழே உள்ள கண்ணாடி இலை கூடுதல் நாள் பச்சையாக நின்றால், மணிக்குப் போய்ச் சேரும் மாவுச்சத்தும் கூடும்.

நிகரகுவாவும் பைசலாபாத்தும்

முருங்கை இலையிலும் சைட்டோகைனின் உண்டு. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தின் சாற்றை வயலில் தெளித்துப் பார்த்தது மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில். அங்கே பணியாற்றிய ஃபோய்டல், மக்கார், பெக்கர் ஆகியோருடன் எழுதிய கட்டுரை 2001-ல் தான்சானியாவில் நடந்த முருங்கைக் கருத்தரங்கில் வந்தது. மக்காச்சோளம் உட்படப் பல பயிர்களில் 20 முதல் 35 சதவீதம் வரை விளைச்சல் கூடியதாக அதில் சொல்லப்பட்டது. பிறகு பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில், 30 மடங்கு நீர்த்த சாற்றைக் கோதுமையில் தூர் கட்டும் பருவம், கதிர் வரும் பருவம் என்று பிரித்துத் தெளித்துச் சோதித்தார்கள். இலை கூடுதல் நாள் பச்சையாக நின்றதாக அவர்களும் எழுதினார்கள்.

அப்படியானால் உரம் வேண்டாமா?

இங்கேதான் கவனம் தேவை. ஹார்மோன் என்பது பயிருக்குச் சாப்பாடு இல்லை. மண்ணில் தழைச்சத்து இல்லாத வயலில் எந்தச் சாறும் அதை ஈடுகட்டாது. மேலும், ஒவ்வொரு மரத்துச் சாறும் ஒன்றுபோல் இருக்காது. இலையின் வயதும் பறித்த நேரமும் மாறினால் சாறும் மாறும். சாற்றில் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் இருப்பதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம்.

இலை இலவசமாகக் கிடைக்கலாம். பறிக்க, அரைக்க, வடிகட்ட, தெளிக்கக் கூலி இருக்கிறதே! அந்தக் கூலி திரும்பி வருமா என்பதுதான் சிறு விவசாயியின் கேள்வி. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு பாத்திக்குச் சாறு, பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர் என்று தெளித்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும். 1941-ல் ஊமத்தைக் கருவை வைத்துச் செய்ததும் இதே ஒப்பீடுதான்.